தூக்க ஆய்வை நடத்துவோருக்குப் பதிவும் கண்காணிப்பும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

குறட்டை பற்றியும், தூக்கத்தில் மூச்சு அடைபட்டு நின்று மீளும் ‘ஸ்லீப் ஆப்னியா’ நோய் பற்றியும் தமிழ்ப் பத்திரிகைகளில் இப்போது நிறையக் கட்டுரைகள் வருகின்றன. உடற்பருமன், ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், பக்கவாதம் ஆகியவற்றோடு இந்நோய்க்கு உள்ள தொடர்பை மருத்துவர்கள் அவற்றில் விளக்குகிறார்கள். சந்தேகம் இருந்தால் ‘ஸ்லீப் ஸ்டடி’ செய்துகொள்ளுங்கள் என்று அறிவுரை கூறி முடிக்கிறார்கள். அந்த அறிவுரை சரியானதே. ஆனால் அந்தப் பரிசோதனையை இரவு பத்து மணியிலிருந்து விடியும் வரை கண்விழித்து நடத்துகிறவர் யார், அவர் என்ன படித்திருக்க வேண்டும், தவறு நேர்ந்தால் அவர் யாரிடம் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்விகளை எந்தக் கட்டுரையும் எழுப்பி நான் பார்த்ததில்லை. ஒரு தனியார் மருத்துவமனையின் தூக்க ஆய்வகத்தில் நெடுங்காலமாக இரவுப்பணி செய்து வருகிறவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

முதலில் இந்தப் பரிசோதனை எத்தகையது என்பதைச் சொல்லியாக வேண்டும். ரத்தப் பரிசோதனையில் ஊசி குத்துவது ஒரு நிமிட வேலை. மற்றதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். தூக்க ஆய்வு அப்படிப்பட்டதன்று. நோயாளியின் தலையை டேப்பால் அளந்து, உரிய இடங்களைக் குறித்து, அந்த இடத்துத் தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பேஸ்ட் வைத்து, மூளை அலையைப் பதியும் எலெக்ட்ரோடுகளை ஒட்ட வேண்டும். கண்களின் ஓரத்தில், தாடையின் கீழ், இரு கால்களின் முன்புறத்தில், மார்பில் என்று மேலும் பல ஒயர்கள் உண்டு. மூக்கில் காற்றோட்டத்தை அளக்கும் குழாயும் வெப்ப உணர்வியும், மார்பையும் வயிற்றையும் சுற்றி இரண்டு பெல்ட்டுகளும், விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பும் பொருத்தப்படும். தலையில் ஒட்டிய ஒவ்வொரு எலெக்ட்ரோடின் மின்தடையும் 5 கிலோ ஓமுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு விளக்கை அணைக்குமுன் நோயாளியைக் கண்ணை இடமும் வலமும் ஓட்டச் சொல்லி, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, காலை அசைக்கச் சொல்லி, ஒவ்வொரு கோடும் சரியாகப் பதிகிறதா என்று சரிபார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் நேரே விளக்கை அணைத்துவிடும் இடங்கள் உண்டு. மறுநாள் அந்தப் பதிவைப் படிக்கிறவருக்கு, மூச்சு நின்றதா அல்லது பெல்ட் தளர்ந்ததா என்பதை அறிய வழியே இருக்காது.

இரவு முடிந்ததும் பதிவு 30 விநாடிக்கு ஒரு பக்கமாகப் பிரிக்கப்படுகிறது. எட்டு மணி நேரத்துக்கு 960 பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்து, அது விழிப்பா, லேசான தூக்கமா, ஆழ்ந்த தூக்கமா, கனவுத் தூக்கமா என்று குறிக்க வேண்டும். மூச்சுக் காற்று 90 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்து, 10 விநாடியாவது அப்படியே நீடித்தால் அது மூச்சு நிறுத்தம். காற்று 30 சதவீதமாவது குறைந்து, அதோடு ஆக்சிஜன் 3 சதவீதம் இறங்கினாலோ மூளை சற்று விழித்துக்கொண்டாலோ அது மூச்சுக் குறைவு. ஆக்சிஜன் 4 சதவீதம் இறங்கினால்தான் கணக்கில் சேர்க்க வேண்டும் என்ற இன்னொரு விதியும் வழக்கில் இருக்கிறது. எந்த விதிப்படி எண்ணினோம் என்பதை அறிக்கையில் எழுத வேண்டும். எழுதாத அறிக்கைகளே நான் அதிகம் பார்த்தவை. இந்த நிகழ்வுகளின் கூட்டுத்தொகையைத் தூங்கிய மணி நேரத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் நோயாளிகள் கையில் வைத்துக்கொண்டு அலைகிற ஏ.எச்.ஐ. என்ற எண். அது 5 முதல் 15-க்குள் இருந்தால் லேசான நோய், 15 முதல் 30-க்குள் இருந்தால் நடுத்தரம், 30-ம் அதற்கு மேலும் தீவிரம்.

ஆக, அந்த எண் இயந்திரம் தானாகக் கொடுத்த எண் என்று நினைப்பது தவறு. அதில் பாதி, ஒயரை ஒட்டியவருடைய கையில் இருக்கிறது. மீதி, பக்கங்களைப் பார்த்துக் குறித்தவருடைய கண்ணில் இருக்கிறது. மருத்துவர் காலையில் வந்து கையெழுத்திடும்போது அவர் முன் இருப்பது பெரும்பாலும் சுருக்கப்பட்ட அறிக்கை மட்டுமே. எல்லா மருத்துவர்களையும் இப்படிச் சொல்லவில்லை. பதிவை முழுதாகத் திறந்து பார்த்து, ‘இந்த இடத்தில் குழாய் நழுவியிருக்கிறது, இதை ஏன் எண்ணினாய்’ என்று கேட்டு என்னைத் திருத்திய மருத்துவரிடம்தான் நான் தொழில் கற்றேன். ஆனால் அத்தகையவர்கள் அரிதானவர்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு எளிய கணக்கு மட்டும் போதும். மூக்குக் குழாய், பெல்ட், ஆக்சிஜன் கிளிப் ஆகியவை மட்டும் உள்ள, மூளை அலையைப் பதியாத சிறு கருவியை ஒருவர் வீட்டில் மாட்டிக்கொண்டு 7 மணி நேரம் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் உண்மையில் தூங்கியது 5 மணி நேரம்தான். மூச்சுத் தடை நேர்ந்தது 80 முறை. தூங்கிய நேரத்தால் வகுத்தால் 16, நடுத்தர நோய். அந்தக் கருவிக்கோ அவர் எப்போது தூங்கினார் என்று தெரியாது, அது பதிவு நடந்த நேரத்தால் வகுத்து 11 என்று காட்டும், லேசான நோய். கருவியின் வரம்பு இது என்று அறிந்தவர் அறிக்கையில் ஒரு வரி எழுதி, தேவையானால் ஆய்வகத்தில் முழுப் பரிசோதனை செய்யச் சொல்வார். அறியாதவர் 11 என்று அச்சிட்டுக் கொடுத்துவிடுவார்.

இதைவிடக் கவலை தருவது இன்னொன்று. மூச்சு நிற்பதில் இரண்டு வகை உண்டு. தொண்டை அடைபட்டு நிற்பது ஒன்று; அப்போது மார்பும் வயிறும் காற்றை இழுக்கப் போராடிக்கொண்டிருக்கும். மூளையிலிருந்து கட்டளையே வராமல் நிற்பது மற்றொன்று; அப்போது மார்பும் அசையாது, வயிறும் அசையாது. இரண்டையும் பிரித்துக் காட்டுபவை அந்த இரண்டு பெல்ட்டுகள்தான். பெல்ட் தளர்ந்தால் முதல் வகை இரண்டாம் வகையாகத் தோன்றும். இரண்டாம் வகைக்கென்றே ஒவ்வொரு மூச்சையும் கணித்து அழுத்தத்தை மாற்றிக்கொள்ளும் விலை உயர்ந்த ஒரு கருவி வந்தது. இதயம் பலவீனமானவர்களிடம் அதைச் சோதித்துப் பார்த்த ‘சர்வ் எச்.எஃப்.’ என்ற பன்னாட்டு ஆய்வின் முடிவு 2015-இல் வெளியானபோது, இதயம் ரத்தத்தை வெளியேற்றும் திறன் 45 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ உள்ள நோயாளிகளில் அக்கருவியைப் பயன்படுத்தியவர்களிடையே இதயநோய் மரணங்கள் கூடியிருந்தது தெரியவந்தது. ஒரு பெல்ட்டை இறுக்கிக் கட்டுவதும் கட்டாமல் விடுவதும் ஒருவருக்கு எந்தக் கருவி கொடுக்கப்படும் என்பதை முடிவுசெய்யலாம் என்றால், அந்த பெல்ட்டைக் கட்டுகிறவர் யார் என்று கேட்க அரசுக்கு உரிமையும் கடமையும் இல்லையா?

நோய் உறுதியான பிறகு வரும் இரண்டாவது இரவு இன்னும் பொறுப்பு மிக்கது. 1981-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் அறிமுகப்படுத்திய ‘சிபேப்’ கருவி, முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கிறது. எவ்வளவு அழுத்தம் என்பதை அன்றிரவு டெக்னீஷியன்தான் கண்டுபிடிக்க வேண்டும். நீரழுத்தக் கணக்கில் 4 சென்டிமீட்டரில் தொடங்கி, மூச்சுத் தடையைப் பார்த்துப் பார்த்துப் படிப்படியாக ஏற்றுவார்; பெரியவர்களுக்கு 20 வரை போகலாம். மல்லாந்து படுத்த நிலையில், கனவுத் தூக்கத்தில், மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்க்காமல் முடித்த ஆய்வு அரைகுறை ஆய்வு. அழுத்தம் குறைவாக இருந்தால் நோய் தீராது. அதிகமாக இருந்தால் காற்றுக் கசிந்து கண் எரியும், வயிறு உப்பும், சிலருக்கு மூளைவழி மூச்சு நிறுத்தமே புதிதாகத் தோன்றும். நோயாளி நான்கு நாள் போட்டுப் பார்த்துவிட்டு, ‘எனக்கு ஒத்துவரவில்லை’ என்று கருவியைப் பரணில் போட்டுவிடுவார். ஒத்துவராதது கருவியா, அன்றைய இரவின் வேலையா என்று பின்னர் யாரும் ஆராய்வதில்லை.

அழுத்தம் கொடுப்பதும், சில வேளைகளில் மருத்துவர் சொற்படி ஆக்சிஜன் சேர்ப்பதும் பரிசோதனை அல்ல, சிகிச்சை. ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும் நோயாளிக்கு யோசிக்காமல் ஆக்சிஜனை ஏற்றினால் எவ்வளவு ஆபத்து என்பது நுரையீரல் பிரிவில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். நள்ளிரவு இரண்டு மணிக்கு வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அப்போது அந்த அறைக்குப் பக்கத்தில் இருப்பவர் ஒருவர்தான்.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். இந்தத் தொழிலுக்குச் சட்டமே இல்லை என்று என் சக பணியாளர்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது உண்மையன்று. இணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதன் அட்டவணையில், மூளை அலையைப் பதியும் இ.இ.ஜி., தசையின் மின்னோட்டத்தைப் பதியும் இ.எம்.ஜி. டெக்னாலஜிஸ்டுகளோடும் நியூரோ லேப் டெக்னாலஜிஸ்டோடும் ஒரே வரிசையில் ‘ஸ்லீப் லேப் டெக்னாலஜிஸ்ட்’ என்று எங்கள் தொழிலும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பும் பயிற்சியும் பெற்றவர் இணைநிலைத் தொழிலர் என்றும், 3,600 மணி நேரம் பெற்றுப் பட்டம் முடித்தவர் சுகாதாரத் தொழில்முறையாளர் என்றும் அச்சட்டம் வரையறுக்கிறது. ஒவ்வொரு மாநிலமும் ஒரு மன்றம் அமைக்க வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும், ஒழுங்குமுறைக்கும் பதிவுக்கும் தனி வாரியம் இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது.

சட்டம் வந்ததே தவிர வேலை நடக்கவில்லை. மருத்துவத் தொழில்நுட்பப் பணியாளர்களின் கூட்டமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியதாயிற்று. 2024 ஆகஸ்ட் 12 அன்று அவ்வழக்கை விசாரித்த நீதிமன்றம், அதுவரை 14 மாநிலங்கள் மட்டுமே மன்றம் அமைத்திருப்பதையும், அமைத்த இடங்களிலும் அவை செயல்படாமல் இருப்பதையும் சுட்டிக்காட்டி, அதே ஆண்டு அக்டோபர் 12-க்குள் சட்டத்தை நடைமுறைப்படுத்த மத்திய, மாநில அரசுகளுக்கு ஆணையிட்டது. அரசிதழில் மன்றத்தின் பெயர் வந்துவிட்டால் ஆணை நிறைவேறிவிட்டதாகக் கணக்குக் காட்டலாம். ஆனால் ஒரு நோயாளியின் மகன், தன் தந்தைக்கு இன்றிரவு பரிசோதனை செய்யப்போகிறவரின் பெயரைக் கைப்பேசியில் தட்டிப் பார்த்து, அவர் பதிவு பெற்றவரா என்று அறிய முடிகிற நாளில்தான் சட்டம் நடைமுறைக்கு வந்ததாக நான் ஒப்புக்கொள்வேன்.

இது மத்தியச் சட்டம், மாநிலம் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் 6-ஆம் இனமாக உள்ளன. மருத்துவம் முதலிய தொழில்கள் பொதுப் பட்டியலில் 26-ஆம் இனமாக உள்ளன. போதாததற்கு, தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-லேயே வந்து, 2018-இல் அதற்கான விதிகளும் வகுக்கப்பட்டுவிட்டன. ஒரு மருத்துவமனையோ ஆய்வகமோ அச்சட்டத்தின் கீழ்ப் பதிவுச் சான்று பெற வேண்டும். அந்தச் சான்றுக்கான நிபந்தனைகளில், ‘தூக்க ஆய்வு நடத்தும் இடத்தில் மாநிலப் பதிவேட்டில் உள்ள ஒரு டெக்னாலஜிஸ்ட் இரவு முழுவதும் பணியில் இருக்க வேண்டும், ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு நோயாளிகளுக்கு மேல் கவனிக்கக் கூடாது’ என்று இரண்டு வாக்கியங்களைச் சேர்ப்பதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

பதிவேட்டில் எங்களை எந்தப் பெயரில், எந்த வேலைகளுக்காகச் சேர்க்கப்போகிறார்கள் என்பதும் கவனத்துக்குரியது. அட்டவணை எங்களை மூளை, நரம்புப் பதிவுகள் செய்வோரின் வரிசையில் வைத்திருக்கிறது; சுவாசத் தொழில்நுட்பர் தனி வரிசையில் இருக்கிறார். எங்கள் வேலையோ முதல் இரவில் மூளை அலை, இரண்டாம் இரவில் மூச்சு. பணி எல்லையை எழுதும்போது இந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டால், நாளை சிபேப் அழுத்தத்தை மாற்ற எங்களுக்கு உரிமை இல்லை என்று ஒரு தரப்பும், இ.இ.ஜி. பக்கத்தைப் படிக்கச் சுவாசத் தொழில்நுட்பருக்கு உரிமை இல்லை என்று மறு தரப்பும் மன்றத்தின் வாசலில் நிற்கும். அமெரிக்காவில் இதுதான் நடந்தது. அங்கு உரிமம் வழங்குவது ஒவ்வொரு மாநிலத்தின் வேலை. முகமூடியும் ஆக்சிஜனும் தங்கள் சட்டத்துக்குள் வருபவை என்று சுவாச சிகிச்சையாளர்களின் வாரியங்கள் பல மாநிலங்களில் வாதிட்டதால், தூக்க ஆய்வாளர்கள் தங்களுக்கென்று விலக்கோ தனிச் சட்டமோ கேட்க வேண்டியதாயிற்று. நியூஜெர்சி தனி வாரியமே அமைத்தது. மேரிலாந்து மருத்துவர்கள் வாரியத்தின் கீழ் உரிமம் வழங்குகிறது. கலிஃபோர்னியா 2009-இல் நிறைவேற்றிய சட்டத்தில் பயிற்சியாளர், டெக்னீஷியன், டெக்னாலஜிஸ்ட் என்று மூன்று படிகளை வகுத்து, மூவரையும் மருத்துவ வாரியத்தில் பதிவு செய்யச் சொன்னது. கலிஃபோர்னியாவின் வழி நமக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய செய்தி இதுவரை சொன்னவற்றில் எதுவும் அன்று. சிபேப் கருவியை விற்கிற நிறுவனத்தின் ஆளே வீட்டுக்கு வந்து தூக்க ஆய்வுக் கருவியை மாட்டிவிட்டு, மறுநாள் கழற்றிக்கொண்டு போய், அறிக்கையைத் தயாரித்து, அதில் எங்கோ இருக்கிற ஒரு மருத்துவரின் கையெழுத்தைப் பெற்று, அதே கையோடு பல பத்தாயிரம் ரூபாய் மதிப்புள்ள கருவியையும் விற்றுவிட்டுப் போகும் வழக்கம் பரவிக்கொண்டிருக்கிறது. பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை, அல்லது கருவி வாங்கினால் கட்டணம் கழித்துக்கொள்ளப்படும் என்று சொல்கிறார்கள். வேலிக்கு ஓணான் சாட்சி என்பது இதுதான். மாட்டுகிறவருக்கு மாதச் சம்பளம் குறைவு. விற்ற கருவிக்குத்தான் ஊக்கத்தொகை. அவரை நான் குறை சொல்லவில்லை. அவர்களில் சிலர் என்னிடமே வேலை கற்றுச் சென்றவர்கள். இலக்கு முடிக்காவிட்டால் வேலை போய்விடும் என்று வருந்துகிறவர்கள். ஆனால் 14 என்ற எண்ணை 16 ஆக்குவதற்கு மோசடி எதுவும் தேவையில்லை; ஐயத்துக்கிடமான சில பக்கங்களில் சாய்வாக முடிவெடுத்தால் போதும் என்பதை எண்ணிப் பழகியவர்கள் அறிவார்கள். அப்படிச் சாயத் தூண்டும் இடத்தில் ஒருவரை உட்கார வைத்துவிட்டு, நேர்மையாக இரு என்று மட்டும் சொல்வது நிர்வாகம் ஆகாது.

வீட்டில் செய்யும் பரிசோதனையை நான் எதிர்க்கவில்லை. ஆய்வகத்தில் ஓர் இரவு தங்கச் செலவு கூடுதல்; தென்காசியிலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ ஒருவர் அதற்காகப் பெருநகரத்துக்கு வர வேண்டும். நோயின் அறிகுறிகள் தெளிவாக இருந்து, இதயம், நுரையீரல், நரம்பு சார்ந்த வேறு சிக்கல் இல்லாதவருக்கு வீட்டுப் பரிசோதனை போதுமானது என்று இத்துறையின் வழிகாட்டு நெறிகளே கூறுகின்றன. நான் கேட்பது ஒன்றுதான்: பதிவை எடுத்து எண்ணுகிறவர், கருவி விற்பனையில் சம்பளமோ ஊக்கத்தொகையோ பெறுகிறவராக இருக்கக் கூடாது. இதை மாநில மன்றத்தின் நடத்தை விதியாக எழுத வேண்டும். மீறினால் பதிவு ரத்து என்றும் எழுத வேண்டும். விற்பனை நிறுவனங்கள் முகமூடி பொருத்திக் காட்டட்டும், கருவியைப் பழுது பார்க்கட்டும், வடிகட்டியை மாற்றட்டும். நோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் வேலை மட்டும் அவர்களுக்கு வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிட்டன. சிபேப் பெட்டிக்குச் சட்டம் உண்டு, முகமூடிக்குச் சட்டம் உண்டு. அவற்றை ஒரு மனிதரின் முகத்தில் மாட்டி அழுத்தத்தை ஏற்றி இறக்குகிறவரிடம்தான் எந்தச் சான்றையும் எவரும் கேட்பதில்லை.

பெண் நோயாளிகளைப் பற்றிப் பத்திரிகையில் எழுதத் தயக்கமாக இருந்தாலும் எழுதாமல் விட முடியாது. தூக்க ஆய்வில் நோயாளி இரவு முழுவதும், இருட்டிலும் தெரியும் கேமராவில் படம் பிடிக்கப்படுகிறார். அது மருத்துவத் தேவை. எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார், தூக்கத்தில் எழுந்து நடந்தாரா, கை காலை உதறினாரா என்று அதில்தான் பார்க்க முடியும். மார்பில் பெல்ட் கட்டவும் ஒயர் ஒட்டவும் ஒருவர் நெருங்கித்தான் ஆக வேண்டும். பல ஆய்வகங்களில் இரவுப்பணியில் இருப்பவர் ஆண் மட்டுமே. பெண் பணியாளர் வேண்டும் என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு என்று எந்த அறிவிப்புப் பலகையும் சொல்வதில்லை. அந்தக் காணொளி எத்தனை நாள் வைக்கப்படும், யார் திறந்து பார்க்கலாம், எப்போது அழிக்கப்படும் என்பதற்கும் எழுதப்பட்ட விதி கிடையாது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் வழக்கம் மாறுகிறது. அத்துமீறல் நடந்தால் மருத்துவர் மீது மருத்துவ மன்றத்திலும் செவிலியர் மீது செவிலியர் மன்றத்திலும் புகார் செய்யலாம். எங்கள் மீது எங்கே புகார் செய்வது? மருத்துவமனை எங்களை வேலையிலிருந்து நீக்கலாம். அடுத்த வாரமே பக்கத்து மாவட்டத்தில் அதே நாற்காலியில் அமர எங்களுக்குத் தடை எதுவும் இல்லை. மாநிலப் பதிவேடு இதைத்தான் முதலில் அடைக்கும்.

நாமக்கல், சங்ககிரி வட்டாரத்து லாரித் தொழிலை அறிந்தவர்களுக்கு மற்றொரு கோணமும் புரியும். பகலில் கண் சொக்கும் ஓட்டுநருக்கு இந்நோய் இருந்தால் விபத்துக்கு வாய்ப்பு அதிகம் என்பது பல நாடுகளில் நிறுவப்பட்ட செய்தி. இங்கும் ஓட்டுநர்களுக்குத் தூக்க ஆய்வு செய்ய வேண்டும் என்ற பேச்சு வருகிறது, வரவேற்கிறேன். ஆனால் வேலை போய்விடும் என்று அஞ்சுகிற ஓட்டுநர், யார் காவலும் இல்லாத வீட்டுக் கருவியைத் தம்பிக்கு மாட்டிவிட்டு அனுப்பினால் கண்டுபிடிக்க யாருமில்லை. வேலைக்கான தகுதியை முடிவுசெய்யும் பரிசோதனை என்றால், இன்னார்தான் படுத்துத் தூங்கினார் என்று பெயரும் பதிவெண்ணும் இட்டு உறுதி கூற ஒருவர் வேண்டும்.

இதற்கு எழும் எதிர்வாதத்தையும் அறிவேன். தமிழ்நாட்டில் இந்த வேலை தெரிந்தவர்களே கொஞ்சம். உரிமம் கட்டாயம் என்றால் சிறு ஊர்களில் உள்ள ஆய்வகங்கள் மூடப்படும், கட்டணம் ஏறும், பயன்பெறுகிறவர்கள் பெருநகர மருத்துவமனைகள்தான் என்று கூறுகிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. இந்தியாவில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினொரு பேருக்கு இந்நோய் இருக்கலாம் என்று 2023-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று மதிப்பிட்டது. அந்த அளவு நோயாளிகளுக்கு இப்போதுள்ள ஆட்கள் எந்த மூலைக்கும் காணமாட்டார்கள். அதனால்தான் கலிஃபோர்னியாவின் மூன்று படிகளைக் குறிப்பிட்டேன். இன்று பணியில் இருப்பவர்களில் தூக்க ஆய்வுக்கென்றே படித்து வந்தவர்கள் மிகக் குறைவு. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ்ச் சுவாச சிகிச்சை, நரம்பு மின்னியல் போன்ற பட்டப்படிப்புகளை முடித்து வந்தவர்கள் உண்டு, இ.சி.ஜி. எடுத்துக்கொண்டிருந்தவர், செவிலியர், பயோமெடிக்கல் டிப்ளமோ முடித்தவர் என்று பக்கவழியில் வந்தவர்களும் உண்டு. நானே இ.இ.ஜி. அறையிலிருந்து வந்தவன்தான். பட்டம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இருபது ஆண்டு இரவுகளை விழித்துக் கழித்த ஒருவரை வெளியே தள்ளினால் நோயாளிக்குத்தான் நட்டம்.

ஆகவே, ஏற்கெனவே பணியில் இருப்போரை மருத்துவர் சான்றின்பேரில் தற்காலிகமாகப் பதிவு செய்துவிட்டு, இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்குள் ஒரு தேர்வை எழுதச் சொல்லலாம். அந்தத் தேர்வு வெறும் எழுத்துத் தேர்வாக இருந்தால் பயனில்லை. ஒருவரின் தலையில் எலெக்ட்ரோடு ஒட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். ஓர் இரவின் பதிவைக் கொடுத்து எண்ணச் சொல்லி, அனுபவமுள்ளவர் எண்ணியதோடு ஒப்பிட வேண்டும். இதயம் நின்றால் செய்ய வேண்டிய முதலுதவியைப் பொம்மையின் மீது செய்து காட்டச் சொல்ல வேண்டும். வினாத்தாள் தமிழிலும் இருக்க வேண்டும். வேலை தெரிந்தும் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதத் தயங்குகிற திறமையான பணியாளர்களைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்களைப் பயிற்சியாளர் என்ற படியில் பதிவு செய்து, பதிவு பெற்ற ஒருவரின் நேரடி மேற்பார்வையில் மட்டும் வேலை செய்ய அனுமதிக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரிகளின் நுரையீரல், நரம்பியல் பிரிவுகளில் ஓராண்டுச் சான்றிதழ்ப் பயிற்சி தொடங்கினால் சிறு ஊர்களுக்கும் ஆள் கிடைப்பார்கள். பதிவுக் கட்டணம் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்காததாக இருக்க வேண்டும் என்பதையும் அரசுக்கு நினைவூட்டுகிறேன். எங்களில் பலருடைய சம்பளம் என்ன என்பதைக் கேட்டால் தங்கள் வாசகர்கள் நம்ப மாட்டார்கள்.

பதிவேடு பொதுமக்கள் பார்வைக்கு வரும்வரை, தூக்க ஆய்வுக்குச் செல்கிறவர்களும் அவர்கள் வீட்டாரும் சிலவற்றைத் தயங்காமல் கேட்கலாம். பரிசோதனையைச் செய்யப்போகிறவர் மருத்துவமனைப் பணியாளரா, கருவி விற்கும் நிறுவனத்தின் ஆளா என்று கேளுங்கள். அறிக்கையில் எண்ணியவரின் பெயர் இருக்கிறதா, கணினி தானாகப் போட்ட எண்ணா அல்லது ஒருவர் பக்கம் பக்கமாகப் பார்த்து எண்ணியதா என்று கேளுங்கள். கையெழுத்திட்ட மருத்துவரை நேரில் பார்த்துப் பேச முடியுமா என்று கேளுங்கள். முழுப் பதிவின் பிரதியையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு மருத்துவரிடம் போனால் இன்னோர் இரவைச் செலவிட வேண்டிய தேவை பெரும்பாலும் இராது.

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலரும், மாநில மன்றப் பொறுப்பில் உள்ளவர்களும், மாவட்டந்தோறும் மருத்துவ நிறுவனங்களுக்குச் சான்று வழங்கும் இணை இயக்குநர்களும் இதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆய்வகப் பணியாளர்களைக் கலந்து பேசாமல் விதிகளை எழுதிவிட வேண்டாம் என்பதும் என் வேண்டுகோள். கூட்டத்தைப் பிற்பகலில் வைத்தால் நல்லது; காலையில் நாங்கள் தூங்கிக்கொண்டிருப்போம்.

இப்படிக்கு,
தூக்க ஆய்வகப் பணியாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.
(பணியில் இருப்பதால் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)